எஞ்சின் மெஷினிஸ்ட்: தொழில் பழகுவது முதல் வேலையில் சேர்வது வரை

எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவர் மெக்கானிக். அதில் தேய்ந்துபோன உலோகத்தை மறுபடி அளவுக்குக் கொண்டுவருபவர் மெஷினிஸ்ட். சின்னப் பட்டறைகளில் இரண்டையும் ஒரே ஆள் செய்வதும் உண்டு, ஆனாலும் தொழில் வேறு. மெக்கானிக் தப்பாகப் பூட்டினால் கழற்றி மறுபடி பூட்டலாம். மெஷினிஸ்ட் 0.02 மி.மீ. கூடுதலாகச் சீவிவிட்டால் அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது துளையை இன்னும் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடும் அளவுக்கு, போக வேண்டும், இல்லையென்றால் துளைக்குள் லைனர் என்ற உலோகக் குழாயை இறக்க வேண்டும். இரண்டுக்கும் இடமில்லையென்றால் சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலான பிளாக் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

பொதுவான லேத், மில்லிங் வேலையோடு ஒப்பிட்டாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே கையில் வரைபடமும் புது உலோகக் கட்டையும் கொடுப்பார்கள். எஞ்சின் வேலையில் வருவது ஒரு பழைய பொருள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது, சூடேறி நெளிந்தது, முன்பு யாரோ கைவைத்தது. எங்கே தேய்ந்திருக்கிறது, எது இன்னும் நேராக இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடித்து, அந்த நேரான இடத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்ய வேண்டும். அதனால்தான் என் கணக்கில் இந்தத் தொழிலில் முக்கால் பங்கு அளப்பது. வேலை தேடும்போதும் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்; அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: ஒரு எஞ்சின் பட்டறைக்குள் கடக்கும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரித்த பாகங்கள் முதலில் கழுவும் தொட்டிக்குப் போகும். இங்கேயே ஒரு பாடம் உண்டு: இரும்பு பிளாக்கைக் கழுவும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் அலுமினிய ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) போடக்கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்துவிடும், கூடவே தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். அலுமினியத்துக்கென்று தனித் திரவம் உண்டு.

கழுவிய பிறகு விரிசல் பார்ப்பார்கள். இரும்பு, எஃகு என்றால் காந்தமேற்றி இரும்புத் தூள் தூவுவார்கள். விரிசல் இருக்கும் இடத்தில் தூள் கோடாக ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தில் காந்தம் வேலைசெய்யாது. அதற்குச் சாயம் ஊறவைத்துப் பார்க்கும் முறை, அல்லது தண்ணீர் ஓடும் வழிகளை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் சோதனை. விரிசலைப் பார்க்காமல் போரிங் (துளையைச் சீவிப் பெரிதாக்குவது) போட்டுவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால், அதுவரை போட்ட உழைப்பு முழுக்க வீண்.

அதற்குப் பிறகுதான் அளவெடுப்பு, என்ன செய்வது என்ற முடிவு, மெஷின் வேலை, மறுபடி கழுவல், மறுபடி அளவெடுப்பு. மெஷின் வேலை என்பதில் பிளாக்குக்கு ரீபோரிங், ஹோனிங் (கல்லால் தேய்த்துத் துளையைக் கடைசி அளவுக்குக் கொண்டுவருவது), கிராங்க் உட்காரும் மெயின் பேரிங் துளைகளுக்கு லைன் போரிங், மேல்முகத்தைச் சமன்படுத்துதல். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்குக்கு, பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதியான ஜர்னலைக் கிரைண்டிங் செய்தல், பாலிஷ். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் பெரிய முனையை வட்டத்துக்குக் கொண்டுவருதல். ஹெட்டுக்கு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்), வால்வு சீட் (வால்வு உட்காரும் வளையம்), முகச் சமன். ஒரே ஆள் எல்லாவற்றிலும் தேர்ந்தவராக இருப்பது அரிது. ஹெட் வேலையில் ஒருவர், கிராங்க் கிரைண்டரில் ஒருவர் என்று பிரிந்துதான் இருப்பார்கள்.

படி 2: அளக்கப் பழகுங்கள், மெஷினைத் தொடும் முன்பே

தேவையான கருவிகள் குறைவு: வெளி மைக்ரோமீட்டர், டயல் போர் கேஜ் (துளையின் விட்டத்தை அளப்பது), டயல் இண்டிகேட்டரும் காந்த ஸ்டாண்டும், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல நேர்விளிம்புச் சட்டம். வெர்னியரை எஞ்சின் பட்டறையில் ஓரளவு கணக்குக்கு மட்டும் எடுப்பார்கள். பேரிங் இடைவெளியை வெர்னியரில் பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டில் பழகுவதற்கு ஒரு பழைய பிஸ்டன் பின் போதும். மைக்ரோமீட்டரின் பூஜ்ஜியத்தைச் சரிபாருங்கள், பின்னைத் துடையுங்கள், பத்து முறை அளந்து பத்தையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டுப் புதிதாக அளக்க வேண்டும். 0.001 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரில் பத்து அளவும் 0.002 மி.மீ. வித்தியாசத்துக்குள் விழும்வரை விடாதீர்கள். விழுந்த பிறகு இன்னொருவரை அளக்கச் சொல்லி, உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். திருகின் முனையில் உள்ள ராட்செட்டைத்தான் சுழற்ற வேண்டும். உருளையைப் பிடித்து இறுக்கினால் ஒவ்வொருவர் கைபலத்துக்கும் ஒரு அளவு வரும்.

சிலிண்டரை அளக்கும்போது மேல், நடு, கீழ் என மூன்று உயரம். ஒவ்வொன்றிலும் கிராங்கின் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர், ஒரே உயரத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவல். தேய்மானம் பெரும்பாலும் மேலே, பிஸ்டன் ரிங் ஏறித் திரும்பும் இடத்தில், குறுக்குவாக்கில்தான் அதிகம் இருக்கும்.

இந்த ஆறு எண்ணையும் வைத்து முடிவெடுப்பதில்தான் கைதேர்ந்தவரும் புதியவரும் பிரிகிறார்கள். ஒரு கணக்கு பார்ப்போம். புதிதாக இருந்தபோது சிலிண்டர் 86.00 மி.மீ. இப்போது மேலே குறுக்குவாக்கில் 86.11, நீளவாக்கில் 86.05, கீழே 86.02. ‘தேய்ந்தது 0.11தானே, 0.25 ஓவர்சைஸ் பிஸ்டன் தாராளமாகப் போதும்’ என்று தோன்றும். ஆனால் போர் கேஜ் விட்டத்தை மட்டும் சொல்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்று சொல்வதில்லை. தேய்மானம் முழுக்க ஒரே பக்கச் சுவரில் என்றால், மையத்திலிருந்து அந்தச் சுவர் 43.11 மி.மீ. தள்ளியிருக்கிறது. 86.25க்குப் போகும்போது ஹோனிங்குக்கு 0.07 விட்டுவிட்டு 86.18 வரைதான் போரிங் போடுவீர்கள். அதில் பாதி 43.09. டூல் அந்தச் சுவரைத் தொடவே தொடாது. போரிங் முடித்த சிலிண்டரில் ஒரு பழைய திட்டு அப்படியே பளபளப்பாக நிற்கும். ஹோனிங் கல் இருக்கிற துளையைப் பின்பற்றிப் போகுமே தவிர, அந்தத் திட்டைத் தனியாகச் சரிசெய்யாது. இந்த சிலிண்டருக்கு 0.50தான் சரி. அதை டூல் இறக்கும் முன் காகிதத்தில் கண்டுபிடிப்பதற்கும், இறக்கிய பின் கண்ணால் பார்ப்பதற்கும் இடையில் ஒரு செட் பிஸ்டன் விலை நிற்கிறது.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். நீள அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் (0.011 மி.மீ.) விரியும், அலுமினியம் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. நான் பழகுநராக இருந்தபோது, வெந்நீரில் கழுவிய இரும்பு பிளாக்கை ஆறவிடாமல் ஹோனிங் போட்டேன். 100 மி.மீ. சிலிண்டர், அறை வெப்பத்தைவிட 25 டிகிரி கூடுதல். அளவு கச்சிதமாக வந்துவிட்டதென்று சந்தோஷம் வேறு. மறுநாள் காலை அளந்தால் கிட்டத்தட்ட 0.03 மி.மீ. சின்னதாக இருந்தது. அப்படியே பூட்டியிருந்தால் பிஸ்டன் பிடித்திருக்கும். தொழில் சொல்லிக்கொடுத்தவர் திட்டவில்லை. பிளாக்கின் மேல் என் கையை வைத்து, ‘இது எவ்வளவு இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டார். சின்னதாக வந்ததால் மறுபடி ஹோனிங் போட்டுத் தப்பித்தேன்.

படி 3: மெஷின்களை இந்த வரிசையில் பழகுங்கள்

லேத் முதலில். டூல் எப்படி வெட்டுகிறது, சுருள் எப்படி வருகிறது, அதிர்வு எங்கிருந்து கிளம்புகிறது என்பதெல்லாம் லேத்தில்தான் கைக்கும் காதுக்கும் பழகும். சுழற்சி வேகக் கணக்கை மனப்பாடம் செய்துவிடுங்கள்: வெட்டும் வேகத்தை மீட்டரில் எடுத்து 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் விட்டத்தாலும் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 மீட்டர், விட்டம் 86 மி.மீ. என்றால் சுமார் 370 சுற்று. பிறகு மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டர். அதற்கப்புறம் ஹெட் வேலை, போரிங், ஹோனிங். கிராங்க் கிரைண்டர் கடைசியில்.

ஹெட் வேலையில் வரிசை மாறக்கூடாது. முதலில் கைடு, பிறகு சீட். சீட் வெட்டும் கருவி கைடைப் பிடித்துக்கொண்டுதான் மையம் எடுக்கிறது. ஆடும் கைடில் வெட்டிய சீட் வால்வோடு ஒருநாளும் உட்காராது. பெரும்பாலான எஞ்சின்களில் சீட் 45 டிகிரி. அதன் மேலே 30, உள்ளே 60 என்று இரண்டு வெட்டுப் போட்டு, சீட்டின் அகலத்தையும் அது வால்வில் படும் இடத்தையும் சரிசெய்வார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ளேயே ஓடும் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து வந்தால், அடிமுகத்தை மட்டும் சீவி அனுப்புவது அரைகுறை வேலை. அடி நேராகிவிடும், கேம் துளைகள் வளைந்தே இருக்கும். முதலில் ஹெட்டை நிமிர்த்த வேண்டும், பிறகுதான் சீவல். ‘அடியில் ஒரு கட் போட்டுக் கொடுங்கள்’ என்று அவசரப்படுத்துகிற வாடிக்கையாளரிடம் இதை விளக்கத் தெரிவதும் தொழிலில் சேர்த்திதான்.

போரிங்கில் எனக்குத் தெரிந்து விலக்கே இல்லாத விதி: புது பிஸ்டன் பட்டறைக்கு வந்து சேராமல் டூலைத் தொடாதீர்கள். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பாமல் ஒவ்வொரு பிஸ்டனையும் தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் அளந்து, அதோடு இடைவெளியைக் கூட்டி, அந்தந்த சிலிண்டரின் அளவை முடிவுசெய்யுங்கள்.

ஹோனிங்கில் சுவரில் விழும் குறுக்குக் கோடுகள் அழகுக்கு அல்ல. அந்தப் பள்ளங்களில்தான் எண்ணெய் தங்கும். பல எஞ்சின்களுக்குக் கோடுகள் சுமார் 45 டிகிரியில் வெட்டிக்கொள்ளும்படி கேட்பார்கள். கல்லின் சுழற்சி வேகமும் மேலும் கீழும் போகும் வேகமும் சேர்ந்துதான் அந்தக் கோணத்தைத் தரும். ஹெட் போல்ட்டை இறுக்கியதும் மெல்லிய சுவர் நெளியும் பிளாக்குகளில், ஹெட்டுக்குப் பதிலாக ஒரு தடித்த தகட்டை அதே முறுக்குவிசையில் இறுக்கிக்கொண்டு ஹோனிங் போடுவார்கள்.

முடிந்த பிறகு சிலிண்டரைச் சோப்பும் வெந்நீரும் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ துடைத்தால் பார்க்கச் சுத்தமாகத் தெரியும், ஆனால் கல்லின் பொடி கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி கறுக்கிறவரை கழுவல் முடியவில்லை.

கிராங்கில் ஜர்னல் அளவு மட்டும் பார்த்தால் போதாது. ஜர்னலும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஒரு வளைவு இருக்கும். கிரைண்டிங் சக்கரத்தின் ஓரம் சரியாகத் தீட்டப்படாமல் அந்த வளைவு கூர்மூலையாகிவிட்டால், விரிசல் அங்கேயிருந்துதான் தொடங்கும். அளவெல்லாம் சரியாக இருந்தும் கிராங்க் முறிவதற்கு இது ஒரு காரணம். மேற்பரப்பைக் கடினப்படுத்திய கிராங்க் என்றால், அந்தக் கடின அடுக்கின் ஆழத்தைத் தெரிந்துகொள்ளாமல் அண்டர்சைஸ் (ஜர்னலை எவ்வளவு சிறிதாக்குவது என்ற அளவு) முடிவு செய்யாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. சுழலும் மெஷின் பக்கத்தில் கையுறை, தொளதொள சட்டை, மோதிரம் வேண்டாம். லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் அதன் சாவியை விட்டுவிட்டு ஒரு நொடிகூடத் திரும்ப வேண்டாம். சுருளைக் கையால் இழுக்க வேண்டாம். கிரைண்டிங் சக்கரத்தை மாட்டும் முன் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் மொத்தையாக ஒலித்தால் அதை மாட்டாதீர்கள்.

படி 4: சிஎன்சி எப்போது?

சிஎன்சி என்றால் கணினிப் புரோகிராமில் ஓடும் மெஷின். கைமெஷினில் ஒரு வருடமாவது ஓடிய பிறகு என்பது என் கருத்து. மறுப்பவர்களும் இருக்கிறார்கள். ஜி 00 விரைவு நகர்வு, ஜி 01 நேர்கோட்டு வெட்டு, ஜி 02, ஜி 03 வளைவு வெட்டு என்பதையெல்லாம் சில வாரங்களில் படித்துவிடலாம். தேய்ந்த பிளாக்கில் பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது என்பதை எந்தப் புரோகிராமும் சொல்லித்தராது. இருந்தாலும் சிஎன்சி தெரியாமல் நிற்காதீர்கள். புது எஞ்சின் பாகங்கள் தயாரிக்கும் ஆலைகளில் வேலை முழுக்க அதில்தான், பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் அது வந்துகொண்டிருக்கிறது.

படி 5: வேலைக் குறிப்பேடு

தொழில் பழகும் முதல் நாளிலிருந்து எழுதுங்கள். எஞ்சின் வகை, வந்தபோது இருந்த அளவுகள், என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், எந்த மெஷின், முடித்த அளவுகள், அளந்தபோது இருந்த வெப்பநிலை. வாடிக்கையாளரின் பெயரும் பட்டறையின் விலையும் இதில் வரக்கூடாது. அவை உங்களுடையவை அல்ல. தப்பு நடந்தால் அதையும் எழுதுங்கள். சான்றிதழில் உங்கள் பெயரும் மதிப்பெண்ணும்தான் இருக்கும். எப்படி யோசிக்கிறீர்கள் என்பது இந்த ஏட்டில்தான் இருக்கும். ஆளெடுக்க உட்காருபவர் பெரும்பாலும் ஒரு பழைய மெஷினிஸ்ட். இரண்டு பக்கம் புரட்டியதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

படி 6: வேலை எங்கே இருக்கிறது?

எஞ்சின் மெஷினிஸ்ட் என்ற பெயரிலேயே தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். மெஷினிஸ்ட், டர்னர், கிரைண்டர், சிஎன்சி ஆபரேட்டர், செட்டர் என்று தேடுங்கள். இவற்றில் ஆபரேட்டர் என்றால் செட் செய்து வைத்த மெஷினை ஓட்டுபவர், செட்டர் என்றால் டூலையும் பூஜ்ஜியத்தையும் வைத்துக் கொடுப்பவர், புரோகிராமர் அதற்கும் மேலே. விளம்பரத்தில் ஆபரேட்டர் என்று போட்டுவிட்டு உள்ளே செட்டர் வேலை கேட்கும் இடங்கள் நிறைய. சம்பளம் பேசும் முன் அதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

போரிங் பட்டறைகளைத் தாண்டியும் இடம் இருக்கிறது. பேருந்து, லாரிக் கூட்டங்களை வைத்திருப்பவர்களின் சொந்தப் பணிமனை, ரயில் டீசல் எஞ்சின் பணிமனை, கப்பல் பழுதுபார்க்கும் தளம், ஜெனரேட்டர் பராமரிப்பு, சுரங்க இயந்திரம், டிராக்டர், பந்தய எஞ்சின், பழங்கால வாகன மீட்பு. கப்பல் வேலையில் கிராங்கைக் கழற்ற முடியாமல், கையோடு கொண்டுபோகும் கிரைண்டரை எஞ்சினுக்குள்ளேயே பூட்டி ஜர்னலைச் சரிசெய்வதும் உண்டு. அதற்கு ஆட்கள் குறைவு.

மின்சார வாகனம் வந்தால் இந்தத் தொழில் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார் எஞ்சின் வேலை மட்டும் தெரிந்தவருக்குப் பாதை குறுகும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் துளையை வட்டமாகவும் ஷாஃப்டை நேராகவும் கொண்டுவரத் தெரிந்தவரை ஹைட்ராலிக் சிலிண்டர், பம்ப், கம்ப்ரசர், கியர் பெட்டி வேலைகளும் தேடும். 1775இல் ஜான் வில்கின்சன் தன் போரிங் மெஷினில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் துளைத்துக் கொடுத்தார். 50 அங்குலச் சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன்கூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்தார். நீராவி எஞ்சின் போய்விட்டது, துளைப்பது போகவில்லை.

படி 7: விண்ணப்பமும் நேரில் போவதும்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்’ என்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. ‘70 முதல் 130 மி.மீ. வரையிலான சிலிண்டர்களில் 0.01 மி.மீ.க்குள் ஹோனிங் முடித்திருக்கிறேன்’ என்ற ஒரு வரி அழைப்பு வாங்கித் தரும். எந்த மெஷின், சிஎன்சி என்றால் எந்தக் கன்ட்ரோல் (அதை இயக்கும் கணினி அமைப்பு), எத்தனை மாதம் என்று எழுதுங்கள். செய்யாததை எழுதாதீர்கள், சோதனை வேலையில் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

நல்ல சின்னப் பட்டறைகள் விளம்பரமே கொடுப்பதில்லை. மெக்கானிக்குகளிடம் ‘ஹெட் வேலைக்கு எங்கே கொடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பிஸ்டன், பேரிங் விற்பவரிடம் கேளுங்கள், யாரிடம் வேலை குவிந்து கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நேரில் போகும்போது காலையில் பாகங்கள் வந்திறங்கும் பரபரப்பில் போகாதீர்கள்.

படி 8: சோதனை வேலை

பெரும்பாலும் ஒரு கிராங்கையோ சிலிண்டரையோ காட்டி அளக்கச் சொல்வார்கள். அளவு சரியா என்பதைவிட எப்படி அளக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கியதும் பூஜ்ஜியம் பார்த்தீர்களா, ஜர்னலைத் துடைத்தீர்களா, எண்ணெய்த் துளைக்கு நேராக வைத்து அளக்காமல் தள்ளி வைத்தீர்களா, எழுதிக்கொண்டீர்களா. கைப்புத்தகத்தில் உள்ள அளவைக் கேட்பது பலவீனம் அல்ல; கேட்காமல் மனதிலிருந்து சொல்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

நீங்களும் பட்டறையைச் சோதிக்கலாம். ஹோனிங் முடிந்த பாகங்களை எங்கே, எதில் கழுவுகிறார்கள்? எஞ்சின் பூட்டும் மேசை கிரைண்டர் பக்கத்திலா, தனி அறையிலா? மைக்ரோமீட்டரைச் சரிபார்க்கும் நிலையளவுக் கட்டைகள் (துல்லியமான அளவு தெரிந்த உலோகக் கட்டைகள்) இருக்கின்றனவா, அல்லது ‘அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்’ என்கிறார்களா? மாதச் சம்பளமா, உருப்படிக் கணக்கா? உருப்படிக் கணக்கு என்றால் அளக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று அர்த்தமாகிவிடும். அவசரம் அங்கேதான் பிறக்கும். ஒரு பிளாக் கெட்டுப்போனால் யார் ஏற்பது என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பட்டறையில் அந்தச் செலவு பெரும்பாலும் புதியவரின் சம்பளத்தில்தான் இறங்கும்.

சேர்ந்த முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் மைக்ரோமீட்டராலும் பட்டறையின் மைக்ரோமீட்டராலும் ஒரே நிலையளவை அளந்து, வித்தியாசத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பத்து பிளாக் முடித்த பிறகு சொன்னால், பத்தையும் மறுபடி அளக்கச் சொல்வார்கள்.